ரப்பர் உடுப்பில் குடைத்துணி

அந்த ரப்பர் உடுப்பை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது நான்தான். மலையாள தேசத்தில் தமிழ் பேசுகிற எங்கள் ஸ்ரீவராகத்தில் அதற்கு முன் ரப்பர் என்றால் ஹவாய் செருப்பு, இல்லாவிட்டால் வயிற்றுவலிக்கு வைக்கிற வெந்நீர்ப் பை. கறுப்பாக, தடியாக, அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போய் மெதுவாக மேலே வருகிற ஒன்றைச் சாக்குப் பையிலிருந்து எடுத்துக் கொல்லைக் கொடியில் நான் போட்டபோது, கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி எழுந்து நின்றுவிட்டாள். யாரோ தூக்கில் தொங்குகிற மாதிரிதான் இருந்தது. சட்டை தனி, கால்சட்டை தனி. சட்டையின் பின்பக்கம் ஒரு வால் தொங்கும். அந்த வாலைக் கால்களுக்கு நடுவே முன்பக்கம் கொண்டுவந்து கொக்கியில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் தண்ணீரில் சட்டை மார்புக்கு ஏறிவிடும்.

அம்மா அந்த வாலைத்தான் முதலில் பார்த்தாள். மடித்துணி உலர்த்துகிற மூங்கிலை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினாள்.

எழுபதுகளின் பின்பாதி அது. நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தேன் என்றால் சும்மா இல்லை, காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தேன். எங்கள் தெருவில் பெண் படிப்பது தப்பில்லை. படித்து முடித்ததும் அந்தப் படிப்பை ஜாதகத்தின் பின்பக்கத்தில் எழுதிவிட்டு மறந்துவிட வேண்டும். எனக்கு மறக்கத் தெரியவில்லை.

நீச்சல் எனக்குக் கோயில் குளத்தில் வந்தது. ஸ்ரீவராகத்துக் குளம் பெரியது. இந்தக் கரையில் இருப்பவரின் முகம் அந்தக் கரையிலிருந்து தெரியாது. எங்கள் தெருப் பெண்கள் பலருக்கும் நீந்தத் தெரியும். ஆனால் நீந்துகிறோம் என்று ஒருத்தியும் ஒப்புக்கொள்ள மாட்டாள். குளிக்கப் போவதாகத்தான் சொல்வார்கள். விடியற்காலையில் அக்கரை வரை போய்த் திரும்பி வந்து, மூச்சு வாங்க, படியில் உட்கார்ந்து மஞ்சள் பூசிக்கொள்வார்கள். நான் பாவாடையை முடிச்சுப் போட்டுக்கொண்டு அப்படிப் பலமுறை போய் வந்திருக்கிறேன். பதினாறு வயதுக்கு மேல் அம்மா படியில் உட்கார்ந்து காவல் காத்தாள். தடுக்கவில்லை. அவளுக்கும் நீந்தத் தெரியும்.

கடல் வேறு விஷயம். கடலை நான் கல்லூரியில் ஃபார்மலின் ஜாடிகளில் படித்திருந்தேன். அந்த ஜாடிகளிலிருந்து தப்பிக்க ஒரு வழி அப்போது திறந்தது. நகரத்தில் ஓர் அலுவலகம் விழிஞ்ஞம், கோவளம் பக்கத்துப் பாறைகளில் சிப்பிகள் எப்படி வளர்கின்றன என்று கடலுக்குள் இறங்கிப் பார்க்க ஆட்களை எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். விலங்கியல் பட்டமும் வேண்டும், முக்குளிக்கவும் தெரிய வேண்டும். ஓண விடுமுறையில் கோவளத்தில் நடக்கிற முக்குளிப்புப் பயிற்சியில் தேறி வந்தால் வேலை நிச்சயம் என்று அங்கிருந்த அதிகாரி என்னிடமே சொன்னார். நீ பெண்ணாயிற்றே என்று அவர் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒருவர் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அப்பாவின் சம்மதம் என்பது மறுக்காமல் இருப்பது. கணக்கு ஆபீஸில் வேலை பார்த்தவர். நான் சொல்லச் சொல்ல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பஸ்ஸிலே பார்த்துப் போ" என்றார். அது போதும் எனக்கு. அம்மாவிடம் நான் கேட்கவில்லை. பம்பாயில் வேலை பார்க்கிற ஒரு வரன் ஓணம் கழிந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா அந்த நினைப்பில் வடைக்கு உளுந்து தேடிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி தந்தவர் கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்ற மலையாளி. கழுத்து மரக்கட்டை மாதிரி இருக்கும். பெண்கள் இரண்டு பேர் சேர்ந்தோம். முதல் நாள் அவர் எங்கள் எல்லோரையும் வெறும் நீச்சல் உடையில் கடலில் இறக்கினார். மற்றவள் தோளில் சொறிமீன் பட்டு, சாட்டையால் அடித்த மாதிரி தடித்துவிட்டது. அவளுடைய அப்பா மறுநாள் ஜீப்பில் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். பையன் ஒருவனை அலை பாறையில் தேய்த்துவிட்டது. சிப்பி ஒட்டிய பாறை அது. முழங்காலில் பிளேடு போட்ட மாதிரி கோடு கோடாக ரத்தம். மற்றவர்கள் அரை மணியில் பல் கிட்டி நடுங்கிக்கொண்டு கரையேறினோம். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் கடல் இப்படிக் குளிரும் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன், நம்பவில்லை. மழைக்காலத்தில் காற்று மேல்தண்ணீரை ஒதுக்கித் தள்ளிவிடும். அடியில் கிடக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். கூடவே மீனும் வரும் என்பதால் வலைக்காரர்களுக்கு அந்தக் குளிர் பிடிக்கும்.

இரண்டாம் நாள் அவர் ரப்பர் உடுப்புகளைக் கொண்டுவந்து போட்டார். வெட் சூட் என்றார். வெளிநாட்டில் யாரோ பழசாக்கிக் கொடுத்தவை. என் அளவுக்கு ஒன்றே ஒன்று இருந்தது. ஓலை மறைப்புக்குள் போய், உடம்பெல்லாம் டால்கம் பவுடரைக் கொட்டிக்கொண்டு, அதற்குள் நான் நுழைய அரைமணி போராடினேன். தோலுக்கு மேல் இன்னொரு தோல். வெளியே வந்தபோது மூச்சு விடவே இடம் இல்லை. இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டார். ரப்பர் நம்மைத் தக்கை மாதிரி மிதக்க வைத்துவிடும். அடியில் போக வேண்டுமென்றால் கனம் வேண்டும். ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் அந்த பெல்ட்டைக் கழற்றி எறிய வேண்டும். எறிந்தால் உடுப்பே நம்மை மேலே கொண்டுவந்துவிடும்.

தண்ணீரில் இறங்கினேன். கழுத்து வழியாக ஒரு நூல் தண்ணீர் முதுகில் இறங்கியது; ஐஸ் மாதிரி. கத்தியே விட்டேன். கொஞ்ச நேரம் போயிற்று. அந்த நூல் தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று. அப்புறம் குளிர் என்பது முகத்திலும் கையிலும் மட்டும் இருந்தது. பாறையில் இடித்துக்கொண்டேன், வலிக்கவில்லை. சொறிமீன் ஒன்று தொடையை உரசிக்கொண்டு போயிற்று, பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. பிறந்ததிலிருந்து என்னை இவர்கள் எல்லோரும் பாதுகாத்துக்கொண்டே இருந்தார்கள், ஜன்னலை மூடி, வாசலை மூடி. பாதுகாத்துக்கொண்டே என்னை வெளியே அனுப்பிய ஒரே சாமான் அந்தக் கறுப்பு ரப்பர்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு வாய் நிற்கவில்லை. அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அதென்னடி, நனையாம இருக்கறதுக்கு ஒரு உடுப்பா?" என்றார் அப்பா.

"நனையத்தான் செய்யும் அப்பா. கொஞ்சம் ஜலம் உள்ளே வரும். உடம்புச் சூட்டிலே அது வெதுவெதுன்னு ஆயிடும். ரப்பர் அதை வெளியே விடாது. அந்த ஜலம்தான் போர்வை ஆக்கும்."

"அப்போ நீ ஃபிளாஸ்குக்குள்ளே இறங்கிண்டு நீந்தறே" என்றான் அண்ணன்.

"அப்படியே வெச்சுக்கோ. ஆனா உடம்போட ஒட்டிண்டே இருக்கணும். எங்கேயாவது இடைவெளி இருந்தா சூடான ஜலம் போயிண்டே இருக்கும், பச்சை ஜலம் வந்துண்டே இருக்கும். அப்புறம் கையும் காலும் விறைச்சுப் போயிடும். போட்டுண்டும் பிரயோஜனம் இல்லே."

"மோர் விடட்டுமா?" என்றாள் அம்மா.

ஒரு வாரம் நான் ராணியாக இருந்தேன். முதல் பஸ்ஸில் போவேன், மத்தியானம் வருவேன். உடுப்பை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய், கிணற்று நீரில் அலசி நிழலில் போட வேண்டும். உப்பு இருந்தால் ரப்பர் வெடித்துவிடும். பயிற்சியில் என்னைவிட நன்றாக மூச்சடக்கியவர்கள் இரண்டு பேர்தான். இங்கே பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமையடித்துக்கொள்ள என்னிடம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்புறம் அந்தப் படம் வந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் கோவளம் வந்து எங்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார். மறுநாள் மலையாளப் பத்திரிகையில் பாதிப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள். நடுவில் நான். நனைந்த ரப்பர் வெயிலில் பளபளவென்று இருந்தது. நான் இல்லாத நேரத்தில், வேலைக்காரி அப்புறம் சொன்னது இது, எதிர்வீட்டு மாமி பத்திரிகையை நான்காக மடித்து, புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள், ஏதோ சாராயப் புட்டி கொண்டுவருகிறவள் மாதிரி.

"உங்காத்துக் குட்டி பேப்பர்லே வந்திருக்கா, பார்த்தேளா மாமி?"

அம்மா பார்த்தாள்.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல்லே, கேட்டேளா. ஆனா எல்லாம் அப்படியே தெரியறது. உடுத்தாம நிக்கறாப்பலே இருக்கு. பம்பாய்க்காராளோட பந்துக்கள் இங்கேயே கோட்டைக்குள்ளே இருக்காளே, அவாளும் இந்தப் பேப்பர்தான் வாங்கறா."

மாமி அரை மணி உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, பத்திரிகையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது அவளுக்கு.

நான் மத்தியானம் வந்தபோது அம்மா சாதாரணமாகத்தான் இருந்தாள். "அதைக் கொஞ்சம் லூசாப் போட்டுக்கப்படாதோ?" என்று மட்டும் கேட்டாள்.

"லூசாப் போட்டா அது எதுக்கு அம்மா?" என்றேன்.

"செரி" என்றாள்.

தேர்வுக்கு முந்தின நாள் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். அலசிய உடுப்பைக் கொல்லையில் போட்டுவிட்டு, அந்த அலுவலகத்தில் காட்டச் சான்றிதழ்களில் கையெழுத்து வாங்கக் கல்லூரிப் பேராசிரியரின் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது உடுப்பு காய்ந்து, மடிக்கப்பட்டு, சாக்குப் பைக்குள் இருந்தது. பையின் வாயைச் சணல் போட்டுக் கட்டியிருந்தாள். அம்மா அதைத் தொட்டு மடித்திருக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. "எதுக்கும்மா உனக்குச் சிரமம்?" என்றேன். ராத்திரி எனக்கு மட்டும் நெய் அதிகமாக விட்டாள்.

காலையில் கோவளத்தில், ஓலை மறைப்புக்குள், பையை அவிழ்த்தேன்.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துத் தருகிறவள் என் அம்மா. அவள் கையில் துணி கொடுத்துவிட்டால் கவலைப்பட வேண்டாம் என்பார்கள். கால்சட்டையை இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பிளந்து, நடுவில் கறுப்புக் குடைத்துணியை முக்கோணமாக வெட்டி ஒட்டுக் கொடுத்திருந்தாள். சட்டையை அக்குளிலிருந்து இடுப்பு வரை பிளந்து அங்கேயும் குடைத்துணி. மெஷினில் போகாது என்று கோணி ஊசியால் கையில் தைத்திருந்தாள். எறும்பு வரிசை மாதிரி சீரான தையல். வாலை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தை மடித்து ஓரம் அடித்திருந்தாள். அது போதாது என்று இடுப்பைச் சுற்றி, தொடையை மறைக்கிற நீளத்துக்கு, சுருக்கு வைத்து ஒரு பாவாடை.

பிரித்துப் போட நேரமில்லை. பிரித்தாலும் ரப்பர் பிளந்துதான் கிடக்கும். அதைப் போட்டுக்கொள்ள அன்று பவுடர் வேண்டியிருக்கவில்லை. தொளதொளவென்று தானாகவே ஏறிற்று.

வெளியே வந்தேன். தேர்வு வைக்க வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதெந்தா குட்டீ? கதகளிக்கு வேஷம் கெட்டியதாணோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பாறையில் உட்கார்ந்து சிப்பி எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கதகளி வேஷம் மாதிரியேதான் இருந்தது.

"உடுப்பு இல்லாம வெறும் நீச்சல் டிரஸ்ஸிலே இறங்கறேன் சார்" என்றேன்.

அவர் தேர்வாளர்களைப் பார்த்தார். உடுப்பு இல்லாமல் தேர்வு கிடையாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்னொரு நாள் தரச் சொல்லிக் கேட்டேன். அவர்கள் அன்று சாயங்காலமே ஊருக்குத் திரும்புகிறார்களாம். வேறு உடுப்பு இருந்தது தடியர்களின் அளவில். அதற்குள் என்னைப் போல் இரண்டு பேர் போகலாம். "வேண்டெங்கில் வேண்டா", வேண்டாமென்றால் விட்டுவிடு, என்றார் பயிற்சியாளர். நான் ஈய பெல்ட்டைப் பாவாடைக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன்.

ஓணத்துக் கடல் மேலே பார்க்கச் சாது. இறங்கிய மாத்திரத்தில் குடைத்துணி நாலு பக்கமும் உப்பிக்கொண்டது. முதலில் நான் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். எனக்குப் பலம் இருந்தது, பயம் இல்லை. அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய், முக்குளிப்புக் கண்ணாடியும் மூச்சுக் குழாயுமாக மிதந்து, சொல்லும்போதெல்லாம் அடிக்குப் போய்ப் பிடி மண் எடுத்து வர வேண்டும். போனேன், எடுத்தேன், காட்டினேன். ஆனால் ஒவ்வொரு முறை கையை வீசும்போதும் அக்குளில் அம்மா வைத்த துணி வாய் திறந்து, உடம்பு பாடுபட்டுச் சூடாக்கி வைத்த தண்ணீரைத் துப்பிவிட்டு, புதுத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டது. சட்டை மார்புக்கு ஏறிக்கொண்டே இருந்தது. வால் இல்லையே, எதில் நிற்கும்? பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தவன் பயிற்சியில் எனக்குப் பின்னால் இருந்தவன். போன வாரம் கால் பிடித்துக்கொண்டு அவன் தத்தளித்தபோது நான்தான் இழுத்து வந்தேன். அவன் தன் உடுப்புக்குள் சுகமாக மிதந்துகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் பற்கள் அடித்துக்கொண்டன. குழாயைக் கடித்துப் பிடிக்க முடியவில்லை. அப்புறம் நடுக்கம் வந்தது. அதன் பின் நடுக்கமும் நின்றுவிட்டது. அதுதான் கெட்ட அறிகுறி என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கடைசிப் பரீட்சை மிகவும் சுலபமானது. தண்ணீருக்குள் போய் ஈய பெல்ட்டைக் கழற்றி விட்டுவிட்டு மேலே வர வேண்டும். குழந்தை செய்யும். என் விரல்கள் அந்தக் கொக்கியின் மேல் இருந்தன. இருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. இழு என்று சொல்கிறேன், விரல்கள் யாருடையவோ மாதிரி சும்மா இருக்கின்றன. அம்மாவின் பாவாடை கண்ணாடிக்கு முன்னால் மேலே எழும்பி முகத்தை மூடிற்று.

பயிற்சியாளர் குதித்துத்தான் பெல்ட்டை அறுத்தார். கட்டுமரத்தில் என்னை ஒரு மூட்டையாகத் தூக்கிப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். யாரோ பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள். கிளாஸைப் பிடிக்க முடியாததால் வாயில் ஊற்றினார்கள். நாற்காலியில் இருந்தவர்களில் பெரியவர் கீழே இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். மோளே, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெண்களின் உடம்பு இதற்கு இல்லை, அவ்வளவுதான் என்றார். மிகவும் அன்பாகச் சொன்னார். அந்த அன்புக்காக இன்றுவரை நான் அவரைச் சபிக்கிறேன்.

வேலை எனக்குப் பக்கத்தில் மிதந்தவனுக்குப் போயிற்று. அவன் தேறினான் அல்லவா.

வீட்டுக்கு வந்து சாக்குப் பையைக் கூடத்தில் வீசினேன். அம்மா வந்து எடுத்தாள். உடுப்பை வெளியே எடுத்து ஓரங்களைத் தடவிப் பார்த்தாள்.

"தையல் எங்கேயாவது பிரிஞ்சுதோ?" என்றாள்.

நான் கத்தினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன். என் வேலை போயிற்று, என் உயிர் போகப் பார்த்தது, நீ ஊசியை எடுத்து என்னைத் தைத்துப்போட்டுவிட்டாய் என்றெல்லாம் கத்தினேன். "உனக்கு என்ன தெரியும்? அடுப்பையும் ஊசியையும் தவிர உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போனாள்.

அப்பா மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "விடுடி. மானத்துக்குப் பயந்துண்டு பண்ணிட்டா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?" என்றார்.

பம்பாய் வரன் வந்தது. படத்தை அவர்கள் பார்த்திருந்தார்கள். வாய் விட்டு யாரும் கேட்கவில்லை. வேலை எதற்கும் போகவில்லை, இனி போகப் போவதும் இல்லை என்று தெரிந்துகொண்டு பஜ்ஜியைச் சாப்பிட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவர் கெட்டவர் இல்லை. பம்பாயில் எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது. தெரியாததே நல்லது என்று இருந்துவிட்டேன்.

அந்த உடுப்பு எங்கள் வீட்டில் ஒரு தமாஷாக ஆகிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அண்ணன் அதை எடுத்துவிடுவான். "கடல்லே போட்டுக்கற கோட்டுக்கு எங்கம்மா பாவாடை தெச்சா, கேட்டேளோ" என்று ஆரம்பிப்பான். கதகளி வரும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால், இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள், தலையைக் குனிந்துகொள்வாள். அதைப் பார்க்கும்போது அவள் மேல் எனக்கு இரக்கம் வரும். பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்ற அப்பாவின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அத்தனை வருஷமும் அவளுக்குக் கடிதம் எழுதினேன், கோடைக்கு மாம்பழ வத்தல் வாங்கிப் போனேன், அவள் தைத்துத் தந்த ரவிக்கைகளைப் போட்டுக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறாட்டு பார்க்க அம்மா சங்குமுகம் கடற்கரைக்குப் போக வேண்டும் என்றாள். சுவாமியைக் கடலில் குளிப்பாட்டுவதைப் பார்க்க எங்கள் தெருவே வருஷத்துக்கு இரண்டு முறை கிளம்பிப் போகும். சுவாமி நனைவார். தெருவில் ஒருவர் காலும் நனையாது. கணவரும் அண்ணனும் யானையைப் பார்க்க முன்னால் போனார்கள். போகும்போது அண்ணன் கணவரின் தோளில் கை போட்டுக்கொண்டு அந்தப் பாவாடைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு போனான். சிரிப்பு காற்றில் வந்தது. நானும் அம்மாவும் மணலில் உட்கார்ந்திருந்தோம்.

ஏன் அன்றைக்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. "நீ அதை எல்லாம் காதிலேயே வாங்கிண்டிருக்க மாட்டே" என்று சமாதானமாகத்தான் ஆரம்பித்தேன்.

"எதை?"

"அந்த உடுப்பு உடம்போட ஒட்டிண்டு இருந்தாத்தான் சூடு நிக்கும்னு, அன்னிக்குச் சாப்பிடறச்சே அப்பாகிட்டே சொல்லிண்டிருந்தேனே."

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கிக்காம என்ன? எனக்குக் காது நன்னாத்தானே இருந்தது" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. "பின்னே?" என்றேன்.

"பின்னே என்ன? மறைக்கறதுக்குன்னா இடுப்பிலே ஒரு பாவாடை போறாதோ? அக்குளைப் பிரிக்கறதுக்கு எனக்கு என்ன பைத்தியமா? கோணி ஊசி ஏறாம விரலெல்லாம் குத்திண்டு, மத்தியானம் பூரா உக்காந்து தெச்சேன்." குரலில் ஒரு தயக்கமும் இல்லை. ரவிக்கைக்குக் கை அளவு சொல்கிற குரல். "நீ தேறியிருந்தா பம்பாய் வரனும் இல்லே, ஒண்ணும் இல்லே. கடல், கப்பல்னு போயிருப்பே. யார் உன்னைத் திரும்பிக் கூட்டிண்டு வர்றது?"

"நான் செத்துப் போயிருந்தா?"

"கரையிலே அத்தனை ஆம்பளைகள் நின்னாளே" என்றாள். "தூக்க மாட்டாளோ?"

அதையும் யோசித்திருக்கிறாள். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே யோசித்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தெரியாமல் செய்தாள் என்று நானே நினைத்துக்கொண்டு, ஒன்றுமறியாத ஒரு அம்மாவிடம் இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தேன். அப்படி ஒருத்தி இருக்கவே இல்லை. இருந்தது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்தக் கெட்டிக்காரிதான். வீட்டில் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுப் புரிந்துகொண்டவள் இவள் ஒருத்திதான்.

வாத்தியச் சத்தம் கிட்ட வந்தது. கூட்டம் எழுந்தது. மணலில் எழுந்து நிற்க அம்மாவுக்குப் பிடிமானம் வேண்டியிருந்தது. கையை நீட்டினாள். நான் கொடுத்தேன்.

"அலை வரது, தள்ளி நில்லு. காலை நனைச்சுக்காதே, ஜலதோஷம் பிடிச்சுக்கும் உனக்கு" என்றாள்.

தள்ளித்தான் நின்றேன்.